தூரிகையில் இருப்பது எதன் முடி?

மும்பையில் மாஹிமின் லேடி ஜம்ஷெட்ஜி சாலை பர்னிச்சர் கடைகளுக்குப் பெயர்பெற்றது. கட்டில், சோபா, உணவு மேசை, அலமாரி என அனைத்தும் கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்து நிற்கின்றன. வாங்க வருபவர் மரம் எதுவென்று கேட்கிறார், விலையைக் கேட்கிறார், வீட்டுக்கு எப்போது வரும் என்றும் கேட்கிறார். எந்தத் தூரிகையால் பூசினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான வேளை பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. ரயில் பாதைக்குக் கிழக்கே தாராவியின் ஓர் ஒற்றை அறையில் அதே அலமாரி நிறம் மங்கி, விளிம்பு உரிந்து நிற்கிறது. புதியது வாங்க வழியில்லாத குடும்பம் ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கத் தீர்மானிக்கிறது. பெயிண்டைப் பற்றித் தொலைக்காட்சியில் எத்தனையோ விளம்பரங்கள் வந்துவிட்டன. பிரஷைப் பற்றிச் சொல்வதற்குத்தான் யாரும் இல்லை.

கடையில் நிகழும் உரையாடலும் மிகச் சுருக்கமானது. “ஒரு பிரஷ் குடுங்கண்ணே” என்று கேட்டால், “எத்தனை இஞ்ச்?” என்பது பதில். ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்று முடிவானதும் மலிவானது ஒன்றும் விலை கூடியது ஒன்றும் மேசைமேல் வைக்கப்படும். அளவும் விலையும் அறிந்த அளவில் வணிகம் முடிந்துவிடும். ஆனால் தூரிகையின் தரத்தைத் தீர்மானிக்கும் முதற்கேள்வி அகலத்தைப் பற்றியதன்று. எந்தப் பெயிண்ட் என்பதைப் பற்றியது. இதனைக் கேட்காமல் வாங்கிய விலையுயர்ந்த தூரிகை, கேட்டு வாங்கிய நடுத்தர விலைத் தூரிகையைவிட மோசமாக வேலை செய்யும்.

காரணம் எளிது. விலங்கின் முடி நீரை உறிஞ்சும். எண்ணெய் எனாமலிலும் வார்னிஷிலும் அது விறைப்புக் குலையாமல் நிற்கிறது; பூச்சைத் தன்னுள் தேக்கிவைத்துச் சீராக வெளிவிடுகிறது. அதே முடியை நீர் கலந்த பெயிண்டில் தோய்த்தால் சிறிது நேரத்தில் ஊறி, பருத்து, துவண்டுவிடும்; கோடு நேராக வராது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் மிகக் குறைவாகவே நீரை ஏற்பதால் நீர்ப்பெயிண்டுக்கு அவையே உகந்தவை. நைலான் தேய்மானத்தைத் தாங்கும்; பாலியெஸ்டர் வெப்பத்திலும் ஈரத்திலும் விறைப்பை இழக்காது. இரண்டும் கலந்த தூரிகைகள் நீர்ப்பெயிண்டுக்கு நன்றாகப் பயன்படும்; அவற்றுள் நல்லவை எண்ணெய்ப் பெயிண்டுக்கும் தாக்குப்பிடிக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் பழைய பாலிஷ் வேலை தனி உலகம். அங்கே சமதளத்துக்குத் துணிப் பொட்டலமும், செதுக்கு வேலைப்பாட்டின் இடுக்குகளுக்கு மென்முடித் தூரிகையும் பயன்படுகின்றன. ஆகவே ‘நல்ல தூரிகை’ என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு பூச்சுக்கு நல்ல தூரிகை, ஒரு பரப்புக்கு நல்ல தூரிகை என்றே சொல்ல முடியும்.

வகை முடிவான பிறகே தரச்சோதனை பொருள்படும். அதற்கு வேண்டியவை ஒரு கையும் சற்றுப் பொறுமையும்தான். தூரிகையின் நுனியை உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்லது விசிறிபோல் விரிந்து, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும். விரல்களால் இழைகளைப் பிரித்து நடுவே பார்க்க வேண்டும். எல்லாத் தட்டைத் தூரிகையிலும் உள்ளே ஒரு சிறு கட்டை இருக்கும். பெயிண்ட் தேங்குவதற்கான இடைவெளியை உண்டாக்குவது அது. மலிவுச் சரக்கில் அந்தக் கட்டை தடித்தும் இழைகள் அதன் இருபுறமும் மெல்லிய திரைபோலவும் இருக்கும். பார்வைக்கு அடர்த்தியாகத் தோன்றினாலும் நடுவில் வெறுமைதான். அடுத்து, நுனி. சீராக மெலிந்து, முனையில் நுண்ணிதாகப் பிளந்திருக்கும் இழைகள் பரப்பின்மேல் கோடு விழாமல் பூசும். கத்தரித்ததுபோல் மொட்டையாக முடியும் இழைகள் உழவுசால்போல் தடம் பதிக்கும். மெதுவாக இழுத்துப் பார்க்கையில் ஓரிரு முடி வருவது இயல்பு. கொத்தாக வந்தால் பசை சரியில்லை. கடைசியாக, கைப்பிடியையும் முடியையும் இணைக்கும் உலோகப் பட்டை. அது ஆடக்கூடாது, துருப்பிடிக்கக் கூடாது.

அந்தக் கடைசிச் சோதனை மாஹிமில் கூடுதல் கவனத்துக்கு உரியது. ஒருபுறம் மாஹிம் விரிகுடா, மறுபுறம் மித்தி ஆற்றின் கழிமுகம். உப்புக் காற்றில் சாதாரணத் தகரப் பட்டை ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பேறும். அந்தத் துரு அடுத்த முறை வெள்ளைப் பெயிண்டில் கரைந்து அலமாரிக் கதவின்மேல் மஞ்சள் கீற்றாக இறங்கும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டை இங்கே ஆடம்பரமன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் பூச்சு உலர்வதே ஒரு போராட்டம். சமைப்பதும் உறங்குவதும் குழந்தை படிப்பதும் ஒரே அறையில் என்னும்போது, ஒவ்வொரு கூடுதல் பூச்சும் அக்குடும்பத்துக்கு இன்னோர் இரவு நெடி. கட்டிலைச் சுவரோரம் சாய்த்துத் தரையில் படுக்கும் இன்னோர் இரவு. கோடு விழும் தூரிகை இரண்டு பூச்சு வேலையை மூன்றாக்கும். உதிரும் தூரிகை உலர்ந்த பரப்பை மீண்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வைக்கும். அந்தப் பழைய பூச்சிலிருந்து எழும் தூசு அறைக்குள்ளேயே தங்கும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளைக் குழந்தை இருக்கும் அறையில் தேவைக்கு மேல் ஒருமுறைகூடத் தேய்க்காதிருப்பது நல்லது. தூரிகையில் மிச்சம் பிடித்த பணத்தை அந்தக் குடும்பம் பெயிண்டிலும் கூலியிலும் மூச்சிலும் திருப்பிச் செலுத்துகிறது.

இதுவரை பேசியது பொருளைப் பற்றி. சிக்கல் தொடங்கும் இடம் சொல். விலை கூடிய தூரிகைகளின் கைப்பிடியில் பெரும்பாலும் ‘ப்யூர் பிரிஸில்’ என்று அச்சிட்டிருக்கும். வாங்குபவர் அதனைத் ‘தூய முடி’ என்று புரிந்துகொள்கிறார்; செயற்கை கலக்காதது, ஆகவே உயர்ந்தது என்று எண்ணுகிறார். ஆங்கிலத்தில் பிரிஸில் என்பது விறைத்த, தடித்த முடியைக் குறிக்கும் சொல். தூரிகை வணிகத்தில் அதன் பொருள் இன்னும் குறுகியது: அடைமொழியின்றிப் பிரிஸில் என்றால் அது பன்றியின் முடி. வெள்ளைப் பிரிஸில், கறுப்புப் பிரிஸில், சைனா பிரிஸில் எல்லாம் பன்றி முடியின் வகைகளே. அச்சொல் ஒலியோடு தமிழுக்கும் இந்திக்கும் மராத்திக்கும் வந்தது. பொருள் உடன் வரவில்லை. கடன்சொற்கள் பொருளில் விரிவதும் சுருங்குவதும் இயல்பு. இங்கே நேர்ந்திருப்பதோ, விற்பவரின் தொழில்மொழியில் ஒரு பொருளும் வாங்குபவரின் அன்றாட மொழியில் வேறொரு பொருளும். ஒரே சொல் இருவருக்கும் இடையே நிற்கிறது. இருவரும் புரிந்துகொண்டதாகவே எண்ணிப் பிரிகிறார்கள்.

மாஹிமுக்கும் தாராவிக்கும் இடைப்பட்ட ஒரு ஹார்டுவேர் கடையில் இப்படி ஒரு மாலையை எண்ணிப் பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், கல்லூரியில் படிக்கும் மகனோடு வருகிறார். தாயார் விட்டுச்சென்ற, குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மடிப்புப் பலகைக்கு வார்னிஷ் பூச வேண்டும்.

“இது ப்யூர் பிரிஸில், பாய். நம்பர் ஒன் மால்,” என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து வைக்கிறார்.

“பிரிஸில்னா எதோட முடிண்ணே?” என்கிறான் மகன்.

“முடி முடிதான் தம்பி. கம்பெனிக்காரன் எழுதலையே.”

தந்தை தூரிகையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேலேயே வைக்கிறார். “தெரியாத சாமான வச்சு அந்தப் பலகையத் தொட வேண்டாம் வாப்பா. வேற இருந்தா குடுங்க.”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வந்தவரும் சண்டையிடவில்லை. அங்கே இல்லாதது ஒரு பெயர் மட்டுமே.

அந்தத் தந்தையின் தயக்கத்தை வெறும் பழக்கமென்று ஒதுக்க இயலாது. அதன் பின்னால் நுட்பமான ஒரு சிந்தனை மரபு இருக்கிறது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள் இந்த வினாவுக்கு ஒரே விடை தரவில்லை. ஷாஃபி மரபு பன்றியின் முடியையும் அசுத்தமாகவே கொள்கிறது. மாலிகி மரபில் முடி தூயது என்ற கருத்து வலுவானது. ஹனஃபி மரபின் பழைய நூல்களோ பொதுவில் விலக்கிவிட்டு, தோல் தைப்பவர்களுக்கு மட்டும் தேவை கருதி அனுமதி தந்தன. தோல் தைப்போர் மெழுகிட்ட நூலின் முனையில் விறைத்த பன்றி முடியைச் சேர்த்து, அதையே ஊசிபோலத் துளைக்குள் செலுத்துவது பழைய தொழில்முறை. அதற்கு ஈடான பொருள் அன்று கைக்கெட்டவில்லை. தோல் தொழிலால் வளர்ந்த தாராவிக்கு அருகில் இவ்விவாதத்தை எண்ணுவது பொருத்தமானதே. மாஹிமின் தர்காவில் அடங்கியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி (1372–1431) அரபியில் குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய அறிஞர். கொங்கண் கரையின் ஷாஃபி மரபைச் சேர்ந்தவர். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையேயும் அம்மரபே பரவலாக உள்ளது. சட்ட அறிஞர்கள் ‘தேவை’ என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையாக அளந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது: மாற்று இல்லாதபோதுதான் விலக்கு. மாற்று இருக்கிறதா என்று அறிய, முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும்.

மாற்று எப்போது வந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் பெயிண்ட் தூரிகைகளுக்குச் சீனப் பன்றி முடியே பெரும் ஆதாரம். அதிலும் சோங்சிங் நகரின் பெயரால் அறியப்பட்ட கறுப்பு முடிக்கு மதிப்பு அதிகம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ஆக்கிரமிப்பால் வரத்து தடைப்பட்டபோது, அமெரிக்க அரசு பன்றி முடியைப் போர்க்காலப் பொருளாகக் கருதி அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. கப்பலுக்கும் விமானத்துக்கும் பூச்சு வேண்டும். பூச்சுக்குத் தூரிகை வேண்டும். நைலான் இழை 1938-இல் பல்துலக்கும் பிரஷ் வழியாகவே முதன்முதலில் சந்தைக்கு வந்திருந்தது. முடிப் பஞ்சம் அதனைப் பெயிண்ட் தூரிகையை நோக்கியும் விரைவுபடுத்தியது. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனாவுடனான வணிகத்தைத் தடைசெய்தபோது செயற்கை இழைக்கு மேலும் ஓர் உந்துதல் கிடைத்தது. இன்று நீர்ப்பெயிண்டுக்குச் செயற்கை இழையே சிறந்தது. எண்ணெய்ப் பூச்சுக்கும் ஏற்ற செயற்கைத் தூரிகைகள் உள்ளன. பழைய நூல்கள் பேசிய ‘தேவை’ இப்போது பெருமளவு கரைந்துவிட்டது.

இதனால் பன்றி முடி இழிந்த பொருள் என்று ஆகிவிடாது. எண்ணெய் எனாமலுக்கு அதன் இயல்பான மெலிவும் முனைப் பிளவும் இன்றும் மெச்சத்தக்கவை. அதனைச் சேகரித்து, தரம்பிரித்து வாழும் மக்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் உழைப்பை அருவருப்போடு நோக்குவது சாதியின் பார்வையன்றி வேறில்லை. முடியை வேண்டுபவருக்கும் பெயர் வேண்டும். வார்னிஷுக்கென்று அதைத் தேடி வரும் பாலிஷ் மிஸ்திரிக்கு, செயற்கை இழையைக் கலந்து ‘ப்யூர்’ என்று விற்றால் ஏமாற்றப்படுபவர் அவர்தான். சமயக் காரணத்தால் தவிர்ப்பவர், புலால் மறுப்பால் தவிர்ப்பவர், வேலைத்தரத்துக்காக விரும்பித் தேடுபவர் ஆகிய மூவருக்கும் வேண்டியது ஒரே தகவல்.

மலேசியா இதனைச் சட்டமாக்கியிருக்கிறது. பன்றி அல்லது நாயின் எப்பகுதியால் செய்த பொருளானாலும் அவ்வாறே குறிப்பிட்டு, பிற பொருள்களிலிருந்து பிரித்து விற்க வேண்டும் என்ற ஆணை அங்கே 2013-இல் வந்தது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டு அதிகாரிகள் கடைகளைச் சோதித்து, பன்றி முடியால் ஆனவை என்று ஐயுற்ற 2,000-க்கும் மேற்பட்ட பெயிண்ட் பிரஷ்களைக் கைப்பற்றினார்கள். இந்தியாவில் உணவுப் பொட்டலத்தின்மேல் சைவ, அசைவப் புள்ளி கட்டாயம். தூரிகைக்கு அப்படி ஒன்றும் இல்லை. மலேசிய முறை அப்படியே இங்கு வரவேண்டும் என்பதில்லை. தனி அடுக்கும் தண்டனையும் வேறு வகை மனக்கசப்பை உண்டாக்கக் கூடும். எனினும் பெயரிடுதல் நடைமுறையில் இயலாதது என்ற வாதத்துக்கு அந்நாட்டு அனுபவம் விடையளித்துவிட்டது.

பெயரின்மை சமய உணர்வை மட்டும் புண்படுத்துவதில்லை. இந்தியாவில் தூரிகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள ஷேர்கோட். மரச்செதுக்கு வேலைக்குப் புகழ்பெற்ற நகீனாவும் அதே மாவட்டம்தான். ஓவியர்கள் விரும்பும் நுண்தூரிகைகளுக்காகக் கீரிகள் நாடெங்கும் கொல்லப்பட்டு, அந்த முடி இத்தொழிலுக்குள் நுழைந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடைசெய்திருந்தும் வணிகம் நின்றபாடில்லை. 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்பு அமைப்பு ‘க்ளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே வேளையில் சோதனை நடத்தியது. மரச்சாமானுக்கான தட்டைத் தூரிகையில் கீரி முடி இராது. ஆயினும் படிப்பினை பொதுவானது. ‘முடி’ என்ற ஒற்றைச் சொல்லின் நிழலில் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம்.

தமிழில் தூரிகைக்கான பழஞ்சொற்கள் இந்நிலையை இன்னும் துலக்குகின்றன. ‘துகிலிகை’ சங்க இலக்கியத்திலேயே உண்டு. நற்றிணையின் 118-ஆம் பாடல், பாதிரிப் பூவை ஓவியரின் அரக்குத் தோய்ந்த துகிலிகைக்கு உவமிக்கிறது. பூவின் மென்னுனியைச் சுட்ட அங்கே வருவது ‘துய்’ என்னும் சொல். பஞ்சுபோல் நுண்ணிதாகப் பிரிந்த நுனி என்பது அதன் பொருள். இன்று நல்ல தூரிகைக்கு அடையாளமாகக் கூறப்படும் முனைப் பிளவு அதுவேதான். பாலிஷ் மிஸ்திரி இன்றும் ஸ்பிரிட்டில் கரைக்கும் அரக்கும் அதே உவமையில் இருக்கிறது. மணிமேகலையில் ‘வட்டிகை’, பின்னர் வடமொழி வழியாகத் ‘தூரிகை’. மாஹிமின் தெருவில் வழங்கும் மராத்திச் சொல் ‘குஞ்சலா’. புற்கற்றையைக் குறிக்கும் ‘கூர்ச்ச’ என்ற வடசொல்லின் வழி வந்தது அது. தமிழ்ச் சடங்குகளில் தருப்பைக் கட்டைக் ‘கூர்ச்சம்’ என்பதும் அந்த உறவே. பின்னலில் தொங்கும் தமிழ்க் ‘குஞ்சலம்’ காதுக்கு நெருக்கமாக ஒலித்தாலும், ஒலியொற்றுமை மட்டும் வேரொற்றுமைக்குச் சான்றாகாது.

ஊர்ப்புறத் தொழிற்சொற்கள் இன்னும் வெளிப்படையானவை. தாழை விழுதைத் தட்டிச் செய்த சுண்ணாம்பு மட்டை. தேங்காய் மட்டையைத் தட்டியெடுத்த நார். பனைமட்டையிலிருந்து எடுத்த பனந்தும்பு. திருநெல்வேலிச் சீமையின் பனந்தும்பு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குத் தூரிகை செய்யப் போனது. இவற்றுள் ஒவ்வொரு பெயரும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும். எதைக் கையில் பிடித்திருக்கிறோம் என்று அவ்வூர் உழைப்பாளி எவரிடமும் கேட்க வேண்டியிருந்ததில்லை. அதே சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவரின் பேரன் கடையில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது, விடையும் கிடைப்பதில்லை. கூடவே ஒரு சொற்சிக்கலும் உண்டு. திருக்குறள் தயக்கமின்றி ஆளும் ‘மயிர்’ என்ற சொல் பேச்சில் வசவாக இழிந்துவிட்டது. அதனிடத்தில் வந்த ‘முடி’ மனிதத் தலைக்கே முதலில் பொருந்துகிறது. விலங்கின் உடல்முடியைக் கூச்சமின்றிச் சுட்ட அன்றாடத் தமிழில் சொல் அருகிவிட்டதால், ‘பிரிஸில்’ அந்த வெற்றிடத்தில் வசதியாக அமர்ந்துகொண்டது.

சொல் வரும்வரை வாங்குபவர் செய்யக்கூடியவை சில உள்ளன. எண்ணெயா, நீரா என்று பெயிண்டை முதலில் சொல்லி, பிறகு தூரிகையைக் கேட்கலாம். மேசைப் பலகைக்கும் அலமாரிக் கதவுக்கும் இரண்டு முதல் இரண்டரை அங்குலம், கால்களுக்கும் சட்டங்களுக்கும் ஒன்று அல்லது ஒன்றரை, மூலைகளுக்குச் சாய்வாக வெட்டிய நுனி என்று பிரித்து வாங்கலாம். ஐயம் இருந்தால் ஓர் இழையைப் பிடுங்கி, தின்னர், பெயிண்ட் இவற்றிலிருந்து விலகித் திறந்தவெளியில் கொளுத்திப் பார்க்கலாம். விலங்கு முடி தீய்ந்த நெடியோடு கருகி, விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகி உருண்டையாக இறுகும். எந்த விலங்கு என்று அந்தச் சோதனை சொல்லாது. முடியா, இழையா என்பதை மட்டும் சொல்லும். வேலை முடிந்தபின் எண்ணெய்ப் பெயிண்டுக்கு டர்பன்டைன், நீர்ப்பெயிண்டுக்குச் சோப்பும் தண்ணீரும், அரக்குக்கு ஸ்பிரிட் என்று கழுவி, நுனியைச் சீவி, காகிதத்தில் சுற்றிப் படுக்க வைக்கலாம். டப்பாவில் தலைகீழாக ஊறவிட்டால் நுனி வளைந்து, எவ்வளவு நல்ல தூரிகையும் ஒரே வாரத்தில் மலிவுச் சரக்காகிவிடும்.

எஞ்சியது தயாரிப்பவர் கையில் இருக்கிறது. தூரிகையின் கைப்பிடியில் நிறுவனப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, சிலவற்றில் ‘நம்பர் ஒன்’ என்ற தற்புகழ்ச்சியும் இருக்கிறது. அதே வரியில் ‘பன்றி முடி’ என்றோ ‘நைலான்’ என்றோ, இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் படிக்கும்படி அச்சிட இன்னும் ஓர் அங்குல இடம் போதும். அது வந்தால், ஓதும் பலகைக்கு வார்னிஷ் பூச வந்தவரும், சோபாக் காலுக்கு எனாமல் பூச வந்த மிஸ்திரியும் ஒரே கடையில் நின்று, அவரவர்க்கு ஏற்றதை எவரையும் சங்கடப்படுத்தாமல் எடுத்துக்கொண்டு போகலாம்.